கிழட்டுச் சேவல் எங்கே?

அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஈப்போ பழைய டவுனில் ஒரு சின்ன பிரெஞ்சு பிஸ்த்ரோவுக்குக் கூட்டிப் போனேன். எட்டு மேசை, கட்டம் போட்ட மேசைத்துணி, கரும்பலகையில் அன்றைய சாப்பாடு. அப்பா விலையைப் பார்த்துட்டு, "பேசாம வாழையில கடைக்கே போயிருக்கலாம்பா" என்றார்.

நம்மூரில் பிரெஞ்சுச் சாப்பாடு என்றாலே பெரிய தட்டில் சின்னத் துண்டு என்றுதான் நினைப்பு. பிஸ்த்ரோ அந்த வகை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஒவேர்ன் மலைப்பகுதியிலிருந்து பிழைப்பு தேடிப் பாரிசுக்கு வந்தவர்கள் கரி விற்றார்கள். கரிக்கடையின் ஒரு பக்கத்திலேயே ஒயினும் ஊற்றிக் கொடுத்தார்கள். பாரிஸ் பிஸ்த்ரோக்கள் பலவற்றின் வேர் அந்த மாதிரிக் கடைகளில் இருக்கு. அக்கம்பக்கத்து ஆள் வந்து, மலிவான கறியை நல்லா வேகவைத்துக் கொடுத்ததைச் சாப்பிட்டுப் போகும் இடம்.

வெங்காய சூப் அருமை. வெங்காயத்தை அவசரப்படாமல் வதக்கியிருக்காங்க, அந்தப் பொறுமை நாக்கில் தெரியுது. சறுக்கல் அடுத்ததில்: கோக் ஓ வான், அதாவது ஒயினில் வெந்த சேவல். கிழட்டுச் சேவலை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஏழை வீடு கண்டுபிடித்த பதில் அது. முதிர்ந்த பறவையின் தசையில் கொலாஜன் அதிகம். சின்னத் தீயில் மணிக்கணக்கா வெந்தால் அது ஜெலட்டினாகக் கரைந்து குழம்புக்குக் கனம் கொடுக்கும். இங்கே வந்தது ஐந்தாறு வாரத்துப் பிராய்லர். கறி பஞ்சு பஞ்சாப் பிரிஞ்சு வந்துச்சு. குழம்பில் ஒயின் இருந்தது, கோழி இல்லை.

அப்பா ஒரு வாய் சாப்பிட்டுட்டுச் சொன்னார்: "லயத்துல பாட்டி கெழட்டுச் சேவலை வெறகடுப்புல வைப்பாங்க. மத்தியானம் ஏத்துனா ராத்திரிதான் எறக்குவாங்க. இதுவும் அதே கொழம்புதான், சேவலைத்தான் மறந்துட்டாங்க."

இதைவிடச் சுருக்கமா ஒரு விமர்சனத்தை என்னால் எழுத முடியாது.

வெளிநாட்டுச் சமையல் ஈப்போவுக்குப் புதுசில்லை. துரைமார் வீட்டுக் குசினிகளில் வேலை பார்த்த ஹைனான் சீனர்கள் பிற்பாடு சொந்தக் கடை போட்டுச் சிக்கன் சாப் விற்றார்கள். 1906இல் தொடங்கிய எஃப்.எம்.எஸ். பாரும் ஹைனான்காரர்களுடையதாகத்தான் இருந்தது. ஈயச் சுரங்கக்காரர்களும் தோட்டத் துரைமாரும் வந்துபோன இடம். அந்தச் சமையல்காரர்கள் துரை சாப்பாட்டில் சோயா சாஸை ஊற்றித் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். இந்த பிஸ்த்ரோவோ மேசைத்துணி வரைக்கும் பாரிசை நகலெடுத்துவிட்டு, சந்தையில் கிடைக்கும் கம்போங் கோழியைக் கண்டுக்கவே இல்லை.

ஆனாலும் ஒன்று சொல்லணும். தட்டை எடுக்க வந்த தம்பி புந்தோங் பையன். அப்பா பேசுவதைக் கேட்டுட்டு, "அங்கிள் எந்தத் தோட்டம்?" என்றார்.

"சுங்கை சிப்புட் பக்கம்பா. இப்ப எல்லாம் செம்பனை."

"எங்க தாத்தாவும் அந்தப் பக்கந்தான் பால்மரம் வெட்டுனாரு."

அப்புறம் பத்து நிமிஷம் நான் அங்கே இல்லாத மாதிரி. கட்டம் போட்ட துணியும் கரும்பலகையும் தர முடியாததை அந்தக் கேள்வி தந்துச்சு. அக்கம்பக்கத்துக் கடை என்றால் அதுதானே.

சூப்புக்காகப் போகலாம். கோழிக்காக இப்போதைக்கு வேண்டாம். காரில் ஏறும்போது அப்பா கேட்டார்: "அந்தத் தம்பிகிட்ட சொல்லிட்டு வந்திருக்கலாமோ, சேவல் எங்க கெடைக்கும்னு?"