வாட்டர்ட்டனின் நூலும் அவருடைய மாணாக்கரும்

சார்லஸ் வாட்டர்ட்டன் (1782–1865) இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வால்ட்டன் ஹால் என்னும் பரம்பரைப் பண்ணைக்கு உரிய சீமான். 1804இல் தென் அமெரிக்காவின் டெமராராவுக்கு, அதாவது இன்றைய கயானாவின் ஒரு பகுதிக்குச் சென்று, அடிமைகளின் உழைப்பால் நடந்த குடும்பத் தோட்டங்களை 1812 வரை மேற்பார்த்தார். பின்னர் 1824 வரை நான்கு முறை மேற்கொண்ட பயணங்களின் வரலாற்றை 1825இல் நூலாக வெளியிட்டார்.

அவர் எழுத்தில் உயிர் உண்டு, மறுப்பதற்கில்லை. வெறுங்காலுடன் காட்டில் திரிந்ததையும், பழங்குடியினரின் அம்பு நஞ்சைத் தேடிச் சென்றதையும், முதலையின் முதுகில் ஏறி அமர்ந்ததையும் படிப்போர் நூலைக் கீழே வைக்கார். முதலைக் கதையை நம்பாதார் பலர். குரங்கின் தோலை மனித முகம்போல் சமைத்து, அந்தப் படத்தையே நூலின் முகப்பில் பதித்தவர் தம்மை ஐயுறுவோரை நொந்துகொள்வதற்கில்லை! ஊர் திரும்பியபின் தம் பூங்காவைச் சுற்றி ஏறத்தாழ மூன்று மைல் மதில் எழுப்பி, துப்பாக்கியை விலக்கி, பறவைகளுக்கு அடைக்கலம் அளித்தார். வரலாற்றாசிரியர்கள் இதனைப் போற்றுவது முறையே.

ஆயினும் நூலில் ஓரிடம் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. நண்பர் எட்மன்ஸ்டனின் அடிமையாக இருந்த ஜான் என்பவருக்குப் பறவைகளைப் பதப்படுத்தும் கலையை வாட்டர்ட்டன் கற்பித்தார். வீரம் என்னும் பாதரச நஞ்சைச் சாராயத்தில் கரைத்து, அதில் தோலை ஊறவைத்து, உள்ளே திணிப்பின்றி உருவை நிறுத்தும் நுட்பமான முறை அது. கற்றவரைப் பற்றி ஆசிரியர் எழுதியதோ, ஜானுக்குத் திறமை குறைவு, எதையும் மண்டையில் ஏற்ற நெடுங்காலமும் பொறுமையும் வேண்டியிருந்தது என்பதே. அடுத்த வரியிலேயே, அந்த ஜான் ஸ்காட்லாந்துக்குச் சென்று விடுதலை பெற்று, கிளாஸ்கோ, எடின்பரோ அருங்காட்சியகங்களில் பணிபெற்றார் என்றும் அவரே எழுதுகிறார். இரண்டு வரிகளும் ஒன்றையொன்று பொய்ப்பிப்பதை எழுதிய கை உணரவில்லை.

அடிமை முறையை நியாயப்படுத்த இயலாது என்று இதே நூல் சொல்கிறது. உடனே, தோட்ட அடிமைகளின் நிலை அவ்வளவு கொடியதன்று, ஆங்கிலேயர் இரக்கமுள்ளவர் என்றும் சமாதானம் கூறுகிறது. ஜானைப் பற்றிய தீர்ப்பும் இந்த மனப்பாங்கில் பிறந்ததே. கற்பிப்போன் உடைமையாளரின் நண்பனாகவும் கற்போன் அந்த உடைமையாகவும் இருக்குமிடத்தில், ‘மந்தபுத்தி’ என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு?

இதற்கு மாற்றுச் சான்று வேறொருவரிடம் உள்ளது. 1826இல் எடின்பரோவில் மருத்துவ மாணவராக இருந்த சார்லஸ் டார்வின், நாளுக்கு ஒரு மணிநேரமாக இரண்டு மாதத்துக்கு ஒரு கினி கட்டணம் செலுத்தி ஜானிடமே இக்கலையைப் பயின்றார். இனியவர், அறிவாளி, அவரோடு அடிக்கடி அமர்ந்திருப்பேன் என்று தம் தன்வரலாற்றில் நன்றியுடன் குறித்தார். பின்னர் பீகிள் கப்பற்பயணத்தில் (1831–1836) பறவைத் தோல்களைப் பதப்படுத்த இப்பயிற்சி அவருக்கு உதவிற்று. ஆனால் டார்வினும் தம் ஆசானின் பெயரை எழுதவில்லை. அவர் ஜான் எட்மன்ஸ்டன் என்பதை 1978இல் ஆர். பி. ஃப்ரீமன் என்னும் ஆய்வாளர் எடுத்துக் காட்டினார். எடின்பரோவின் அக்கால முகவரி நூலில் லோதியன் தெரு, 37ஆம் இலக்கம், பறவை பதப்படுத்துபவர் என்று அவர் பதிவாகியுள்ளார். டார்வின் குடியிருந்தது அதே தெருவில், 11ஆம் இலக்கத்தில்.