பாதமா, பரதமா?

பார்வையற்றோர்க்குக் கணினி நூலைப் படித்துக் காட்டுகிறது. மகிழத்தக்க செய்திதான். 1976-ல் அமெரிக்காவில் ரே கர்ஸ்வைல் வெளியிட்ட இயந்திரம் இதற்கு முன்னோடி. ஆனால் தமிழில் அது படிப்பது நூலில் உள்ளதைத்தானா?

எழுத்துணரி, பக்கத்தின் படத்திலுள்ள வடிவங்களை எழுத்துகளாக மாற்றுகிறது. தேய்ந்த அச்சில் துணைக்காலும் ‘ர’வும் ஒன்றுபோல் தோன்றும், ‘பாதம்’ ‘பரதம்’ ஆகிவிடும். இரண்டும் அகராதியில் உள்ள சொற்களே. ஆகவே பிழைதிருத்தியும் விட்டுவிடும். கண்ணுள்ளவர் மூலத்தைப் பார்த்துக்கொள்வார். திருச்சி புத்தூரில் பார்வையற்ற பெண்களுக்கான அரசுப் பள்ளியில் படிக்கும் மாணவி என்ன செய்வார்?

1978-ன் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய நூல்களில் லை, ணை, றா முதலிய 13 எழுத்துகளின் வடிவமே வேறு. ஸ்ரீரங்கத்தார் போற்றும் வைணவ உரைநூல்களின் பழம்பதிப்புகளிலோ கிரந்த எழுத்தும் கலந்து வரும்.

‘நூற்றுக்கு 99 சரி’ என்பது பெருமையன்று. 1,500 எழுத்துள்ள பக்கத்தில் அது 15 பிழை!

1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து நூல்களை வெளியிட்டது. ஸ்கேன் செய்வோர்க்கும் அதுவே வழி. 2012-ன் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் பார்வையற்றோர்க்காகப் படியெடுக்க இடம் தந்துவிட்டது. இனி வேண்டுவது மெய்ப்புப் பார்க்கும் கண்கள். கல்லூரிகள் நிறைந்த திருச்சியில் அவற்றுக்கா பஞ்சம்?