இளஞ்சூட்டுத் துண்டு

லண்டன் குளிர்காலத்தில் துண்டு காய்வதே இல்லை. எப்போது தொட்டாலும் ஈரம், கூடவே ஒரு முடை வாடை. அதற்காகத்தான் துண்டைச் சூடாக்கும் மின்சாரக் கம்பிச் சட்டம் ஒன்றை வாங்கினோம். அதைக் குளியலறைச் சுவரில் மாட்ட வந்த எலக்ட்ரீஷியனின் கைவேலையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். டைல்ஸ் மீது காகித டேப்பை ஒட்டினார். ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை பொறுத்திருந்து பென்சிலால் குறித்தார். துளையிடும்போது முதலில் மெல்லிய கீச்சொலி, பிறகு கரகரப்பு, உள்ளே செங்கல்லைத் தொட்டதும் மந்தமான முனகல். சத்தம் மாறிய இடத்திலெல்லாம் அவர் கையின் அழுத்தமும் மாறியது. டைல்ஸில் ஒரு கீறல்கூட இல்லை. ஈரக்கை எட்டாதபடி சுவிட்சை அறைக்கு வெளியே வைத்தார்.

எங்களுடையது 60 வாட். பழைய குண்டு பல்பு அளவு மின்சாரம்தான். சூடேற நேரமெடுக்கும், அந்த நிதானமே அழகு. துண்டின் நூல்சுருள்கள் விறைப்பின்றிப் பூத்து நிற்கின்றன. குளித்துவிட்டுத் தோளில் போட்டால் முதுகெல்லாம் இளஞ்சூடு. வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: துண்டை நான்காக மடித்துப் போடாதீர்கள். விரித்துப் போட்டால்தான் சூடு சீராகப் பரவும்.