கரைவாகு என்று தட்டிப் பாருங்கள்

கல்முனைக்குடியோ மருதமுனையோ சாய்ந்தமருதோ நிந்தவூரோ, மூத்தவாப்பாவுக்கு மூத்தவாப்பா யாரென்று தேடக் கிளம்புகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அம்பாறை என்று தேடாதீர்கள். அம்பாறை மாவட்டம் பிறந்ததே 1961இல். அதற்கு முந்திய நம் ஆட்கள் அத்தனை பேரும் மட்டக்களப்பு மாவட்டத்துக்காரர்கள். கல்முனைப் பக்கம் முழுவதும் அன்றைய ஏடுகளில் கரைவாகுப்பற்று. தெற்கே போனால் நிந்தவூர்ப்பற்று, அக்கரைப்பற்று, உள்ளே சம்மாந்துறைப்பற்று. நூலகம் இணையத்தளத்தில் 'கரைவாகு' என்று தட்டிய இரவு நான் தூங்கவே இல்லை. சுபஹுக்குப் பாங்கு சொல்லும்வரை கைபேசியை வைக்க மனம் வரவில்லை.

நூலகம் என்ற அந்த எண்ணிம நூலகத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய முயற்சி. இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், மலர்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து சதம் காசு கேட்காமல் திறந்து வைத்திருக்கிறார்கள். முஸ்லிம்களுக்கென்று தனியாக ஓர் ஆவணகப் பகுதியும் அதற்குள் இருக்கிறது. குடும்ப வரலாறு தேடுகிறவர் அங்கே 'வரலாறு' என்று தலைப்பிட்ட நூல்களுக்குள் மட்டும் நின்றுவிடக் கூடாது. பாடசாலை ஆண்டு மலர்கள், பள்ளிவாசல் திறப்பு விழா மலர்கள், கூட்டுறவுச் சங்க மலர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு மாணவர்கள் போட்ட சேவைநலன் பாராட்டு மலர்கள்: புதையல் இவற்றில்தான். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாடசாலை மலர் ஒன்றின் பழைய ஆசிரியர் பட்டியலில், வீட்டில் யாருமே படம் வைத்திராத என் உம்மும்மாவின் தம்பி தொப்பியும் கோட்டுமாக நிற்கிறார்! படத்தைப் பெரிதாக்கிச் சாச்சியிடம் நீட்டினேன். "புள்ள, இது எங்கட சின்ன மாமால்லவா, அந்த நெத்தியப் பாரு" என்று கைபேசியை வாங்கிக்கொண்டவர் வெகுநேரம் திருப்பித் தரவில்லை.

இந்தப் படம் எங்களுக்கு ஏன் இவ்வளவு பெரிது என்பது கரையோரத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26. இலங்கையில் சுனாமி மிக அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது எங்கள் மாவட்டத்தில். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது கடற்கரை வீடுகளில் ஆட்களோடு அலுமாரிகளும் போயின. நிக்காஹ் பதிவுத் துண்டு, காணி உறுதி, கல்யாணப் படம், உம்மா கொப்பியில் எழுதி வைத்த பிள்ளைகளின் பிறந்த தேதி, எதுவும் மிஞ்சவில்லை. மையவாடிக்குப் போய்த் தேடலாமென்றால், நம் மீசான் கட்டைகள் பலவற்றில் பெயரே கிடையாது. இப்படிப்பட்ட ஊருக்கு எங்கோ ஒருவர் பாதுகாத்த ஒரு மலரின் ஒரு பக்கம் திரையில் எழும்பி வருவது ரஹ்மத் இல்லாமல் வேறென்ன?

நம் தேடலின் உண்மையான சுவையை இனித்தான் சொல்லப்போகிறேன். உலகத்தில் பெரும்பாலான வம்சாவளிப் படிவங்கள் தகப்பன் வழியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். கிழக்குக் கரையில் முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழி. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. ஊர்ப் பள்ளி நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்கார் இருந்த வழக்கமும் அதிலிருந்து வந்ததுதான். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல காலம் தங்கி ஆராய்ந்து, இந்தத் தாய்வழி முறையை 2008இல் வெளிவந்த தன் பெரிய நூலில் விரித்து எழுதியிருக்கிறார். அவருடைய கட்டுரைகள் சில இணையத்திலும் கிடைக்கின்றன. வாசித்துவிட்டு உம்மும்மாக்களிடம் போய் உட்காருங்கள். கேள்வி கேட்கும் விதமே மாறிவிடும். "எந்தக் குடி?" என்று கேட்டால் ஒரு சொல் பதிலாக வரும். "எந்தக் குடியில கலியாணம் முடிச்சாக?" என்று கேட்டால் மாலை முழுக்கக் கதை வரும்.

அரசாங்கக் கடதாசியோ வாப்பாவின் வழியில் போகிறது. இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867இல் தொடங்கியது. நம் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்: பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கட்டம். வாப்பா இலங்கையில் பிறக்காதவராக இருந்தால் நிரப்புவதற்குப் பூட்டனுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. பாடசாலை அனுமதிக்கும் அடையாள அட்டைக்குமென்று பிரதி எடுத்துப் பெட்டியில் போட்டு வைக்கும் அந்தத் தாள், மூன்று நாலு தலைமுறையைத் தொடக்கூடிய ஏணி. இன்று பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் தளத்திலேயே பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். கட்டாரிலும் லண்டனிலும் இருக்கும் நம் பிள்ளைகள் அங்கிருந்தே கேட்கிறார்கள். வாப்பாவின் பத்திரத்தை எடுங்கள், பிறகு அவருடைய காக்காமாரின் பத்திரங்களையும் எடுங்கள். ஒன்றில் வெறுமையாக விட்ட கட்டம் இன்னொன்றில் நிரம்பியிருக்கும்.

முஸ்லிம் விவாகப் பதிவும் அப்படித்தான். அதற்கென்று 1886இலேயே ஒரு கட்டளைச் சட்டம், பிறகு 1929இல் ஒன்று, இப்போதைய சட்டம் 1951இன் 13ஆம் இலக்கம். பெண்ணின் வலீ, அதாவது பொறுப்பாளர், யாரென்பதும் மஹர் எவ்வளவு என்பதும் அந்தப் பதிவில் இருக்கும். பெண்ணின் கையெழுத்தை அந்தச் சட்டம் கேட்கவில்லை. உம்மும்மாவின் கையெழுத்தைத் தேடிப்போய் அவருடைய வாப்பாவின் கையெழுத்தைக் கண்டால் மனம் சுணங்கத்தான் செய்யும். ஆனாலும் அந்த வலீயின் பெயர் அடுத்த தலைமுறைக்குக் கதவு.

அப்படியானால் பெண்கள் எந்தக் கடதாசியில் இருக்கிறார்கள்? காணி உறுதியில்! இதைக் கண்டுகொண்டதில்தான் எனக்கு இந்தத் தேடலின் பெரிய சந்தோஷம். நம் கரையில் வீடு மகளுக்கு. உம்மா தன் வளவைப் பெண்மக்களுக்குப் பங்கிட்டு நன்கொடை உறுதி முடிப்பார். நொத்தாரிசு எழுதும் அட்டவணையில் வடக்கே இன்னார் வளவு, கிழக்கே இன்னார் வளவு என்று நாலெல்லையும் வரும். அந்த 'இன்னார்' பெரும்பாலும் சகோதரி, சாச்சி, பெரியம்மா. எழுதப் படிக்கத் தெரியாதென்று நாம் நினைத்திருந்த பெண்கள் பெயரும் சொத்துமாக வரிசையில் நிற்கிறார்கள். ஒரு உறுதி முந்திய உறுதியின் இலக்கத்தைச் சொல்லும், அது அதற்கு முந்தியதைச் சொல்லும். சுனாமியில் வீட்டுப் பிரதி போயிருந்தாலும் பதிந்த உறுதியின் விபரம் காணிப் பதிவகத்தில் உண்டு. கல்முனையிலேயே ஒரு காணிப் பதிவகம் இருப்பது நம் பாக்கியம்.

வெளிநாட்டுத் தளங்களைப் பற்றியும் ஒரு சொல். ஃபேமிலிசேர்ச் இலவசம், குடும்ப மரம் போட அருமையான இடம். அதிலுள்ள இலங்கைப் பதிவேடுகளில் கிறிஸ்தவத் திருச்சபைகளுடையவை முக்கியமானவை, ஆகவே பறங்கியருக்குக் கிடைக்கும் விருந்து நமக்குக் கிடைக்காது. உலக ஜென்வெப் திட்டத்தின் இலங்கைப் பக்கங்களில் முஸ்லிம் குடும்ப மரங்கள் நிறைய. கொழும்புப் பக்கத்துச் சோனகர் குடும்பங்களோடு உறவு உள்ளவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். மாவட்டத்தின் பழைய முகத்தை அறிய எஸ்.ஓ. கனகரத்தினம் 1921இல் ஆங்கிலத்தில் எழுதிய மட்டக்களப்பு மாவட்ட நூலும், எஃப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும் கட்டாயம் வேண்டும். இன்னும் துணிச்சல் உள்ளவர்களுக்கு நெதர்லாந்து இருக்கிறது: ஒல்லாந்தர் கும்பனியின் கையெழுத்து ஏடுகளைக் கணினியால் எழுத்துப்பெயர்த்துத் தேடக்கூடியதாக்கியிருக்கிறார்கள். பழைய டச்சு மொழிதான். ஆனால் மட்டக்களப்பு என்ற பெயர் அதற்குள்ளும் அகப்படும். ஆசைக்காக ஒரு தடவை தட்டிப் பாருங்களேன்!

பெயர் தேடும்போது எழுத்தில் பிடிவாதம் கூடாது. மீராலெவ்வை ஆங்கிலத்தில் பத்து விதமாக வருவார். ஆதம்பாவா, உதுமாலெவ்வை, முகைதீன்பாவா எல்லோரும் அப்படியே. லெவ்வையைத் தனியாக்கியும் சேர்த்தும் பாருங்கள். போடியார், ஓடாவி, பரியாரி, அண்ணாவி என்ற பட்டங்களோடும் தேடுங்கள். ஒரே பெயரில் தெருவுக்கு ஆறு பேர் இருந்த ஊரில் ஆளைப் பிரித்துக் காட்டுவது பட்டம்தான்.

எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழு இப்போது ஒரு சின்ன சுவடிக்கூடம். நோர்வேயிலிருக்கும் மச்சி ஒரு பத்திரம் அனுப்பினால், ஒலுவிலில் இருக்கும் மாமி குரல் பதிவில் திருத்தம் சொல்கிறார். "அது மூத்தவ இல்ல, ரெண்டாமவ. மூத்தவ சம்மாந்துறையில வாழ்க்கப்பட்டாவு." அந்தக் குரல் பதிவுகளைத் தேதியும் பெயரும் இட்டு வெளியேயும் ஒரு பிரதி சேமிக்கிறேன். ஊர் மலர்களோ பழைய கைந்நூல்களோ யார் வீட்டுப் பரணில் கிடந்தாலும் தயவுசெய்து பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள், நூலகத்துக்குக் கொடுங்கள். ஸ்கேன் செய்யட்டும். சாச்சி கண்டெடுத்த அந்த நெற்றியைப் போல இன்னும் எத்தனை பேர் யார் வீட்டுப் பரணில் காத்திருக்கிறார்களோ! நான் அடுத்த கிழமை சம்மாந்துறைக்குப் போகிறேன், அந்த மூத்தவவின் பேத்தியைத் தேடி.