கருப்பொருள் இல்லாத கடல்

தில்லியில் குடியேறிவிட்ட நமக்குக் கடல் என்பது வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போகும்போது பார்க்கிற பொருள். போய் என்ன செய்கிறோம்? காலை நனைக்கிறோம், சுண்டல் வாங்குகிறோம், பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கிறோம், திரும்பிவிடுகிறோம். கடலைப் பார்த்தீர்களா என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். 2023 டிசம்பரில் லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம், ஹேவர்டு கலைக்கூடத்தில் ஹிரோஷி சுகிமோட்டோவின் நிழற்படங்களைப் பார்த்தபோதுதான் இந்தக் கேள்வி எனக்கு உறைத்தது.

சுகிமோட்டோ 1948இல் டோக்கியோவில் பிறந்தவர். 1974இல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தவர். ஒரு வகையில் நம் ஜாதி. 1980இல் ஜமைக்காவிலிருந்து கரீபியன் கடலைப் படம்பிடித்துத் தொடங்கிய ‘கடற்காட்சிகள்’ வரிசையை, அதன் பின் உலகின் பல கடல்களில் தொடர்ந்தார். எல்லாப் படங்களுக்கும் ஒரே இலக்கணம்தான். 8க்கு 10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமரா, கறுப்பு வெள்ளை, அடிவானம் சரியாக நடுவில். மேல் பாதி வானம், கீழ்ப் பாதி நீர். படகு, பறவை, கரை, ஆள் எதுவும் கிடையாது. தலைப்பும் கடலின் பெயர், இடம், ஆண்டு என்பதோடு சரி. ஆதி மனிதன் கண்ட காட்சியை இன்றைய மனிதனும் அப்படியே காண முடியுமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டதில் பிறந்த வரிசை இது என்பது அவர் தரும் விளக்கம். நிலத்தின் முகம் மாறிவிட்டது, கடலின் முகம் மாறவில்லை என்பது அவர் கட்சி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் படத்தை அரை நிமிஷத்தில் தாண்டிவிட்டேன். இரண்டாவதையும் அப்படியே. “என்னப்பா, எல்லாம் ஒண்ணாவே இருக்கே” என்றாள் மகள். என் மனைவி மட்டும் ஒரு படத்தின் முன் நின்றுவிட்டாள். கால் வலி போலிருக்கிறது என்று நானும் கூட நின்றேன். பெரிய படம், சுமார் 119 செ.மீ. உயரம், 149 செ.மீ. அகலம். நிற்க நிற்கத்தான் அது திறந்தது. கீழ் விளிம்பில் ஒவ்வொரு சிற்றலையும் தனித்தனியாகத் தெரிகிறது. மேலே போகப் போக அலைகள் பொடியாகி, வெறும் சாம்பல் நிறமாகி, எந்த இடத்தில் நீர் முடிந்து வானம் தொடங்குகிறது என்று கண் தடுமாறுகிறது. பக்கத்துப் படத்தில் அடிவானம் கத்தியால் கீறியது போல் இருந்தது. ஒன்றாகவே இருக்கிறது என்று சொன்ன இரண்டும் இப்போது வேறு வேறு கடல்கள்!

இயற்கைப் படங்களில் ‘ஆற அமரப் பார்த்தல்’ பற்றி இன்று நிறையப் பேசுகிறார்கள். அதில் ஒரு குழப்பம் உண்டு. இங்கிலாந்துக்காரரான மைக்கேல் கென்னா சில இரவுப் படங்களுக்குக் கேமராவின் கண்ணைப் பத்து மணி நேரம்கூடத் திறந்து வைத்தவர். அத்தகைய படங்களில் நீர் பாலாகவும் பனியாகவும் குழைந்துவிடும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே நிதானம் கேமராவினுடையது. நமக்குக் கிடைப்பது அதன் விளைவு. சுகிமோட்டோவுக்கும் அந்த வித்தை தெரியும். திரையரங்கு வரிசையில் ஒரு முழு சினிமாவையும் ஒரே படச்சட்டத்தில் வாங்கித் திரையை வெண்மையாக்கிக் காட்டியவர் அவர். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்த இந்தப் பகல் கடலில் அலைகள் கூர்மையாகவே நிற்கின்றன. கேமரா காத்திருக்கவில்லை, காத்திருக்க வேண்டியவர் நாம்.

இதைப் புரிந்துகொள்ள நம்மிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்று பொருள் சொன்னார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே வாழும் தெய்வம், மக்கள், பறவை, தொழில் எல்லாம் கருப்பொருள். மனத்தின் ஒழுக்கம் உரிப்பொருள். பாட்டில் இவை ஒன்றைவிட ஒன்று சிறந்தது என்றும் வரிசைப்படுத்தினார். சுகிமோட்டோ கருப்பொருளை முழுக்கத் துடைத்தெறிகிறார். உரிப்பொருளையும் அவர் எழுதவில்லை. முதற்பொருளோடு நின்றுவிடுகிறார். அப்படியானால் இது குறைப்பட்ட கவிதையா?

அப்படித்தான் முடிவுகட்டியிருப்பேன். அப்போது மனைவி மெல்லச் சொன்னாள்: “ஏங்க, எவ்வளவு சாதுவா கெடக்கு பாருங்க. இதைப் போய் நம்பினோமே.” அவளுக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 அன்று அவள் அண்ணன் மகன் கடற்கரைக்குப் போனவன் திரும்பவில்லை. கால் வலிக்காக அவள் நிற்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். படத்தில் யாரும் எழுதிவைக்காத அதை அவள் கொண்டுவந்து சேர்த்தாள். எனவே சுகிமோட்டோவின் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஆதி மனிதனின் கண் நமக்கு இனி வாய்க்காது. சுனாமியைக் கண்டவர்களுக்குக் கடல் பழைய கடல் இல்லை. 2011 மார்ச் 11க்குப் பின் அவருடைய ஜப்பானிலும் அப்படித்தானே இருக்க வேண்டும்? காலம் கடந்த கடல் என்று அவர் சொல்கிறார். தலைப்பிலோ ஊரும் ஆண்டும் இருக்கின்றன. வாதம் தோற்றுவிடுகிறது. ஆனால் படம் தோற்கவில்லை. அதில் ஒரே ஒரு படகு இருந்திருந்தால்கூட நாங்கள் படகைப் பற்றிப் பேசிவிட்டு நகர்ந்திருப்போம். பத்தொன்பது ஆண்டுகளாக வீட்டில் பேசாத பெயரை அன்று அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வதற்கு முன், பத்து நிமிஷம் அதன் பக்கம் திரும்பி நின்று பாருங்கள். நாங்கள் இந்தத் தடவை நாகப்பட்டினம் போகிறோம்.