ஐந்து ஜெர்மனிகளும் ஒரு சார்லாந்தும்

1943 டிசம்பர் 1. தெஹ்ரான் மாநாட்டின் கடைசி நாள். தோற்கப்போகும் ஜெர்மனியை ஐந்தாகப் பிரித்துவிடலாம் என்றார் ரூஸ்வெல்ட். குறுக்கப்பட்ட பிரஷ்யா, ஹானோவரும் வடமேற்கும், சாக்சனி, ஹெஸ்ஸே, பவேரியாவோடு தெற்குப் பகுதிகள் என்று ஐந்து அரசுகள். ஹாம்பர்க், கீல் கால்வாய், ரூர், சார்லாந்து ஆகியவை சர்வதேசப் பொறுப்பில். பிரஷ்யாவை மட்டும் தனிமைப்படுத்தி, தெற்கை டான்யூப் கூட்டமைப்பு ஒன்றில் சேர்ப்பது சர்ச்சிலின் கணக்கு. 1944இல் அமெரிக்க நிதியமைச்சர் மார்கெந்தாவ் வடக்கு, தெற்கு என்று இரண்டு அரசுகளை முன்மொழிந்தார். யால்டா மாநாட்டில் இதற்கென ஒரு குழுவே அமைத்தார்கள். ஆனால் 1945 மே 9 அன்று, ஜெர்மனியைத் துண்டாடும் எண்ணம் சோவியத் நாட்டுக்கு இல்லை என்று ஸ்டாலின் அறிவித்தார்.

நடக்காமல் போன இந்தப் பிரிவினைகளைத்தான் மாற்று வரலாறு எழுதுவோர் திரும்பத் திரும்பக் கையில் எடுக்கிறார்கள். இத்தகைய எழுத்தை இ.எச். கார் போன்ற வரலாற்றாசிரியர்கள் பொழுதுபோக்கு விளையாட்டு என்று ஒதுக்கினார்கள். அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. 1949இல் இரண்டு ஜெர்மனிகள் பிறந்ததை, போரில் தோற்றதற்குக் கிடைத்த தண்டனை என்றே பலரும் இன்றும் நினைக்கிறார்கள். ஆனால் தண்டனையாகத் தீட்டிய பிரிவினைத் திட்டங்கள் எல்லாம் அதற்கு முன்பே கைவிடப்பட்டிருந்தன. போட்ஸ்டாம் மாநாட்டில் ஜெர்மனியை ஒரே பொருளாதார அலகாக நடத்தவே ஒப்புக்கொண்டார்கள். வென்றவர்களுக்குள் மூண்ட பகைதான் ஆக்கிரமிப்பு மண்டலங்களின் கோட்டை நாட்டெல்லையாக இறுக்கியது. ‘ரூஸ்வெல்ட்டின் ஐந்து அரசுகள் அமைந்திருந்தால்’ என்று கேட்கும்போதுதான் இந்த வேறுபாடு கண்ணில் படுகிறது. மாற்று வரலாறு செய்யும் உண்மையான வேலை இது. நாம் அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் மாற்று வரலாறு எழுதுவோரின் கோளாறு வரைபடத்தில் தொடங்குகிறது. 1815இன் ஜெர்மன் கூட்டமைப்பில் 39 அரசுகள் இருந்தன. அந்தப் பழைய எல்லைகளைத் தூசி தட்டி எடுத்து, ‘இதோ பவேரியா, இதோ ஹானோவர்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த எல்லைகளுக்குள் வாழ்ந்த மக்கள் மாறிவிட்டதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. போருக்குப் பின் கிழக்கிலிருந்து விரட்டப்பட்ட ஜெர்மானியர்கள் ஏறத்தாழ 1.2 கோடிப் பேர். சுடேடன் பகுதியிலிருந்து மூட்டை முடிச்சுடன் பவேரியாவில் வந்து இறங்கிய குடும்பத்துக்குப் பழைய பவேரிய மன்னர் வம்சத்தோடு என்ன உறவு? தனித்தன்மையில் ஊறிய பவேரியர்களேகூடப் பிரிந்து போகவில்லை. 1949 மே மாதம் அவர்களின் சட்டமன்றம் மேற்கு ஜெர்மனியின் புதிய அரசியல் சாசனத்தை 101க்கு 63 என்று நிராகரித்தது. ஆனால் மற்ற மாநிலங்களில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்றால் தங்களையும் அது கட்டுப்படுத்தும் என்று அதே மன்றம் ஒப்புக்கொண்டது. இப்படி முறுக்கிக்கொண்டே சேர்ந்திருக்கும் மனநிலையை மாற்று வரலாறுகள் பெரும்பாலும் பிடிப்பதே இல்லை.

பிரித்தது நிலைத்ததும் உண்டு. ஆஸ்திரியா அப்படித்தான் நின்றது. ஆனால் ஜெர்மனியோடு இணைக்கப்பட்ட 1938 வரை அது தனி நாடாக இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

சோதித்துப் பார்க்க நிஜமான துண்டு ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. நிலக்கரி வளமுள்ள சார்லாந்தை பிரான்ஸ் தனியே பிரித்து, 1947 முதல் தன் பாதுகாப்பில் வைத்தது. தனி அரசியல் சாசனம், பிரெஞ்சு பிராங்க் நாணயம், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தனி அணி. உலகக் கோப்பைக் கால்பந்துத் தகுதிச் சுற்றில் அது மேற்கு ஜெர்மனியின் பிரிவிலேயே விழுந்தது. 1954 மார்ச் 28 அன்று சார்ப்ரூக்கனில், ஒரே மொழி பேசும் இரண்டு அணிகள் அயல்நாட்டாராக மோதின. சார்லாந்து 1-3 என்று தோற்றது. அந்த அணியின் பயிற்சியாளர் ஹெல்முட் ஷோன், 20 ஆண்டுகள் கழித்து மேற்கு ஜெர்மனிக்கு உலகக் கோப்பை வென்று தந்தார்.

1955 அக்டோபர் 23 அன்று சார்லாந்து மக்களிடம் வாக்குச் சீட்டு தரப்பட்டது. ஐரோப்பியப் பொறுப்பில் தனிப் பகுதியாக இருக்கும் ஏற்பாட்டை மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் அடேனாவரே ஆதரித்தார். வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானோர் அதை மறுத்தார்கள். ஐந்து ஜெர்மனிகளைக் கற்பனை செய்கிறவர் அந்த ஐந்திலும் இப்படி ஒரு வாக்குப்பெட்டியை வைத்துப் பார்க்க வேண்டும். பிரிந்தது மீண்டும் சேரும்போது நடக்கும் தையல் வேலையையும் எழுத வேண்டும். சார்லாந்து என்ற அந்தச் சிறு பகுதி 1957 ஜனவரி 1 அன்று மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்தது. கடைகளில் பிராங்க் போய் மார்க் வர 1959 ஜூலை ஆயிற்று.