அரங்கில் எழுந்த வெள்ளம்

இல்லாத பொருளை உள்ளதுபோற் காட்டுதல் தமிழர் கூத்துக்குப் புதிதன்று. வன்னியில் ஆடப்பெறும் கோவலன் கூத்தில், ஆடுவோன் தன் பாட்டாலும் நோக்காலுமே மதுரை மாநகரை அவையோர் முன் எழுப்புகின்றான். அவன் கண் காணாத நகரை அவையும் காணாது.

இன்றைய தொலைக்காட்சியில் இப்பணியைக் கணினி ஏற்றுள்ளது. கமராவின் நிலையையும் சாய்வையும் கணந்தோறும் அளந்து, அவற்றுக்கு இயைய வரைந்த உருவத்தை நேரலைக் காட்சியோடு பொருத்துவர். இதனை மிகை மெய்ம்மை என்பர். வீட்டிலிருந்து காண்போர்க்கு உருவம் தோன்றும். அதனருகே நிற்கும் அறிவிப்பாளர்க்கோ தோன்றாது. அவர் வேறொரு திரையில் அதனைக் கண்டறிந்து, வெற்றிடத்தை நோக்கிப் பேசுதல் வேண்டும். நோக்கு ஒரு சாண் பிறழினும் மாயம் கலைந்துவிடும்.

இம்முறையின் தகுதியை அளத்தற்குத் தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் துணைபுரியும். அவர் மருட்கையையும் அச்சத்தையும் வெவ்வேறாக வைத்தார். புதுமையை மருட்கையின் நிலைக்களன்களுள் ஒன்றாக்கினார். தேர்தல் முடிவுகளைக் கூறும் அரங்கில் தரையினின்றெழும் தூண்கள் பெரும்பாலும் மருட்கையோடு நின்றுவிடுகின்றன. அவை கூறுவதை எண்ணே கூறிவிடும்.

2018 செப்டெம்பரில் புளோரன்ஸ் புயல் அமெரிக்காவின் கரோலைனாக் கரையை அணுகியபோது, வெதர் சனல் தொலைக்காட்சி காட்டியது வேறுவகை. அறிவிப்பாளர் எரிக்கா நவாரோவைச் சூழ நீர் 3 அடி, 6 அடி, 9 அடி என உயர்ந்தது, ஊர்திகள் மிதந்தன, ஈற்றில் நீர் அவர் தலைக்கு மேலே நின்றது. இங்கே மனித உடலே அளவுகோலாயிற்று. எண் அச்சமாகக் கனிந்தது. இதுவே அக்காட்சியின் வெற்றி.

குறையும் உண்டு. அறிவிப்பாளர் நின்ற சிறு வட்டத்துள் நீர் புகவில்லை. ஆதலின் வெள்ளத்தைக் கண்டோம். அதில் அகப்பட்டாரைக் கண்டிலோம். மேலும், வருவது கூறும் காட்சி வந்ததுபோலவே தோன்றும். ‘நேரக்கூடும்’ என்னும் சொல்லைச் செவி கேட்கும், கண் கேளாது. எனவே, ஐயத்துக்குரியதை ஐயத்துக்குரியதென உணர்த்தும் பொறுப்பு அறிவிப்பாளரின் சொல்லுக்கே உரியது.

இவ்வாராய்ச்சி நமக்கு வேண்டாததன்று. 2018 டிசெம்பரில் பெருமழையால் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்துட்பட்டன. குளத்தின் நீர்மட்டம் அடிக்கணக்கிற் கூறப்படுவது வழக்கம். ஆனால், குளக்கட்டின் அளவுகோலில் ஏறும் அடி வேறு. வட்டக்கச்சியில் ஒரு வீட்டு முற்றத்தில் ஏறும் அடி வேறு. முதியவள் ஒருத்தி எழுந்து வெளியேற முடிவு செய்வது பின்னதைக் கொண்டேயாம். முன்னதைப் பின்னதாக்கி, ஊரும் தெருவும் விளங்கக் காட்டும் நாளிலேயே இக்கலை மருட்கையைக் கடந்து பயன்தரும் கலையாகும்.